மாமனார் பாடிய அம்பாவும் இரண்டு பெட்டிகளும்

போனில் இருக்கும் பாட்டை ஸ்பீக்கருக்கு ஏற்ற ஒலியாக மாற்றித் தரும் சின்னப் பெட்டிக்கு 'டேக்' என்று பெயர். நான் கடையில் வாங்கிய டேக்கில் எல்லாப் பாட்டும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். அதனால் பாகங்களை வரவழைத்து, கரிக்கலாம்பாக்கம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து நானே ஒன்றைச் செய்தேன். கையைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம் என்று என் மனைவி செல்வி கிண்டல் செய்வாள்.

அவளையே சோதிக்கச் சொன்னேன். எந்தப் பெட்டி என்று காட்டாமல் ஒயரை மாற்றிப் போடுவேன். நல்லது எது என்று அவள் சொல்ல வேண்டும். போன வருஷம் தவறிய அவள் அப்பா பனித்திட்டுக் கடற்கரையில் மீனவர். வலை இழுக்கும்போது பாடும் அம்பாவை, படுக்கையில் விழுந்த பிறகு மகளின் போனில் பாடிக் கொடுத்திருந்தார். அதைத்தான் போட்டேன்.

முதலில் பழைய பெட்டி. செல்வி சிரித்தபடி தொடையில் தாளம் போட்டாள். அடுத்து என்னுடையது. அப்பப்பா, என்ன தெளிவு! அடிக்கு அடி அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. பெருமையோடு திரும்பினேன். அவள் கை நின்றிருந்தது.

"இன்னா செல்வி, எது நல்லா இருக்குது?"

"ரெண்டாவதுதான் தெளிவா இருக்குதுங்க. ஆனா அதுல அப்பாவுக்கு ஒடம்பு முடியல. மொதல்ல போட்டதுல நல்லா இருக்காரு. அதையே போடுங்க."

தெளிவாகக் கேட்டால் போதும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இன்றும் மற்ற பாட்டெல்லாம் என் டேக்கில்தான். அவள் அந்த அம்பாவைத் தேடிப் போனை எடுத்தால் மட்டும், நான் எழுந்துபோய் ஒயரைப் பழைய பெட்டிக்கு மாற்றிவிடுகிறேன்.