கயிற்றின் மேல்முனை

போன வாரம் அட்டுவம்பட்டியில் என் வீட்டு மாடி அறையில் தங்கியிருந்த சென்னைத் தம்பதி, சாயங்காலம் டிவியைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். "அண்ணே, இந்தப் படம் இங்கதான் எடுத்தாங்களாமே? வாங்க, பாருங்க." காப்பி டம்ளரோடு எட்டிப் பார்த்தேன். அந்த இந்திப் படம்தான். இருபது வருடத்துக்கு மேலாக நான் பார்க்காமல் தப்பித்து வந்த படம். மரியாதைக்கு உட்கார்ந்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் மேகத்தை இவ்வளவு பொறுமையாக வேறு யாரும் படம் பிடித்ததில்லை. நவாப் மகளாக வரும் நாயகி, காதலன் கடிதத்தைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொள்கிற இடத்தில் நானே கையிலிருந்த காப்பியை மறந்தேன். குறை என்று பார்த்தால், வெள்ளைக்காரன் காலத்துக் கூலிக்காரர்கள் எல்லாரும் அப்போதுதான் சலவையிலிருந்து வந்த வேட்டியில் மண் சுமக்கிறார்கள். டிசம்பர் குளிரில் நாயகி சால்வைகூட இல்லாமல் மெல்லிய பட்டில் உலாவுகிறாள். படப்பிடிப்பு நடந்த அன்று நான் இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். கதை நடப்பது இமயமலையில் என்கிறார்கள். பின்னால் நிற்பதோ நம் யூகலிப்டஸ். மரத்தின் வாடை படத்தில் வராதது அவர்கள் அதிர்ஷ்டம்.

எனக்கு மட்டும் வந்துவிட்டது. அந்த வாடையும் டீசல் ஜெனரேட்டர் புகையும் சேர்ந்ததுதான் எனக்கு அந்தப் படம். நான் அப்போது அந்தப் படக்குழுவுக்கு மொழிபெயர்ப்பாளன். பம்பாயில் ஒரு பேக்கரியில் இரண்டு வருடம் மாவு பிசைந்து கற்ற இந்தி. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. கழுத்தில் படக்கம்பெனி அட்டை ஒன்றை மாட்டிவிட்டிருந்தார்கள்; தூங்கும்போதுகூடக் கழற்ற மனசு வராது.

கதைப்படி நாயகன் காதலிக்காகச் செங்குத்துப் பாறையில் இறங்கி மலைத்தேன் எடுக்க வேண்டும். நடிகர் இறங்குவாரா? பெருமாள்மலைக்குக் கீழே காட்டில் இருக்கிற பளியர் குடியிலிருந்து அவருக்குப் பதிலாக இறங்க வெள்ளையனை நான்தான் கூட்டிவந்தேன். தேனெடுப்பதில் அந்தப் பக்கம் அவரை மிஞ்ச ஆளில்லை. நாயகனின் கோட்டையும் தொப்பியையும் மாட்டிவிட்டதும் வெட்கப்பட்டுச் சிரித்தார். கயிற்றைக் காட்டியதும் சிரிப்பு நின்றது.

"மேல யாரு பிடிக்கிறது?"

"கம்பெனி ஆளுங்கதான். இந்தக் கயிறு ஜீப்பையே தூக்குமுங்க."

"கயிறு கெடக்கட்டும் தம்பி. எம் மச்சான் காளி வரட்டும், எறங்குறேன்."

அவர்கள் வழக்கம் அது. தேனுக்கு இறங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியோடு பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பிகூடக் கூடாது. "மச்சான்னா கைய விடமாட்டான். அவன் தங்கச்சி தாலில்ல இதுல தொங்குது" என்றார்.

காளி ரேஷன் அரிசி வாங்கப் போயிருந்தார். ஆள் அனுப்பினோம். அதற்குள் வெள்ளையன் பக்கவாட்டுத் தடம் வழியாகப் பாதிப் பாறையில் ஒரு திட்டுக்குப் போய், கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு மச்சானுக்காகக் காத்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் உச்சியில் இருப்பவர்கள் தெரியமாட்டார்கள். மணி மூன்று ஆனது. பள்ளத்திலிருந்து மேகம் ஏறத் தொடங்கியது. மூடிவிட்டால் அன்றைய வேலை போச்சு. உதவி இயக்குநர் என்னைப் பார்த்துக் கத்தினார். நான் உச்சியில் நின்று கீழே கத்தினேன்.

"காளி வந்தாச்சு! கயித்தப் பிடிச்சுக்கிட்டாரு! வெரசா எறங்குங்க!"

பொய். கழுத்தில் அட்டை மாட்டிய பெரிய மனுஷன் சொன்ன பொய். அவர் நம்பி இறங்கினார்.

கயிறு கொஞ்ச தூரம் போனது. பிறகு வெடுக் வெடுக்கென்று இரண்டு முறை இழுபட்டது. பிடித்திருந்த லைட்பாய்கள், என்ன சொல்கிறார் என்று என்னைப் பார்த்தார்கள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இன்னும் விடச் சொல்றார்" என்றேன் இந்தியில். விட்டார்கள்.

காளி அரிசிப் பையோடு வந்து சேர்ந்தபோது மேகம் மூடியிருந்தது. தளர்ந்த கயிற்றோடு விழுந்து பாறையில் மோதிய வெள்ளையனைத் தூக்கிவந்து புல்லில் கிடத்தியிருந்தோம். மூச்சு இல்லை. நடந்ததை நானே சொன்னேன்.

"ரெண்டு தடவ இழுத்தா நிப்பாட்டுன்னு அர்த்தம்ங்க" என்றார் காளி. அரிசிப் பையைக் கீழே வைத்துவிட்டு, "நான் வந்துட்டேன்னா சொன்னீங்க?" என்று கேட்டார். அவர் என்னை அடித்திருக்கலாம்.

கால் வழுக்கி விழுந்ததாகக் கம்பெனிக்காரர்கள் இந்தியில் ஒரு காகிதம் எழுதினார்கள். அதைத் தமிழில் வெள்ளையனின் மனைவிக்கு வாசித்துக் காட்டியதும் நான்தான். அதன் பிறகு நான் இந்தி பேசியதில்லை. காளி யாருக்கும் கயிறு பிடித்ததில்லை. அந்தப் பாறையில் அவர்கள் குடியிலிருந்து யாரும் இறங்குவதில்லை. கூடுகள் பெருத்துத் தொங்குகின்றன. பெருமாள்மலைக் கடைகளில் மலைத்தேன் என்று பாட்டிலில் விற்பது எங்கிருந்தோ லாரியில் வருகிறது.

டிவியில் அந்தக் காட்சி வந்தது. "எவ்வளவு லவ் பாருங்க" என்றாள் அந்தப் பெண், கணவன் தோளில் சாய்ந்துகொண்டு. எதிர்ப் பாறையிலிருந்து எடுத்தது. விழுவதற்கு முன்னால் வெட்டிவிட்டார்கள். மேலே கயிற்றைப் பிடித்திருப்பது யார் என்று படத்தில் காட்டவில்லை. கோட்டுப் போட்ட கை கயிற்றை இரண்டு முறை இழுக்கிறது. தலை நிமிர்கிறது. தொப்பி நிழலில் முகம் தெரியவில்லை, வாய் திறப்பது தெரிகிறது. மச்சானைக் கூப்பிட்டிருப்பார். அன்று ஜெனரேட்டர் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. படத்திலாவது கேட்கும் என்று காதைக் கொடுத்தேன். அந்த இடத்தில் புல்லாங்குழல் வைத்திருக்கிறார்கள்.