படிக்கட்டுக்கு எதிரே உள்ள சுவர்

அந்த நூலகத்தில் மாடிப்படி ஏறி முடித்ததும் முதலில் கண்ணில் படுவது ஒரு வெள்ளைச் சுவர். அதில் ஒரே ஒரு ஆணி. வருடத்துக்கு ஒரு முறை, வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மாடிக் கூடத்தில் சுற்றுவட்டாரத்துக்காரர்கள் கையால் செய்த படங்களை மாட்டி வைப்பார்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு வெள்ளைத்தாள் தொங்கும். பார்க்கிறவர்கள் மனசில் தோன்றியதை அதில் எழுதலாம். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு நூலகர் அம்மா ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து அந்த ஆணியில் மாட்டுவார். அடுத்த வருடம் வரை அது அங்கேயே இருக்கும். பரிசு, கோப்பை என்று வேறொன்றும் கிடையாது. அந்தச் சுவர்தான் எல்லாம்.

ஐந்து வருடமாக அந்தச் சுவர் தையலக்காவுடையது.

தையலக்கா என்பது நூலகத்தில் வைத்த பெயர். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு, பள்ளிச் சீருடையும் திரைச்சீலையும் தலையணை உறையும் தைக்கிறவள். வெட்டிய துணியில் மிஞ்சுகிற துண்டுகளை நிறம் பார்த்துப் பிரித்து மூட்டை கட்டி வைத்துக்கொள்வாள். அந்தத் துண்டுகளால்தான் படம். போன வருடம் பேருந்து நிறுத்தம், அதற்கு முந்தின வருடம் மழைக்கால மார்க்கெட். இந்த வருடம் தன் சொந்தத் தெருவையே தைத்திருந்தாள். ஏழு மாத வேலை. ஒவ்வொரு வீட்டு ஜன்னல் கதவையும் விரலால் திறக்கலாம், மூடலாம். தையல் எங்கே ஆரம்பிக்கிறது எங்கே முடிகிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. கடவுள் பக்தி அதிகம். கண்ணை மூடி ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளாமல் கத்தரியைத் துணியில் வைக்க மாட்டாள்.

அப்படிப்பட்டவளுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது நாத்தனாரால்.

நாத்தனாருக்கு நாற்பத்திரண்டு வயது. வீட்டில் கடைசிப் பெண் என்பதால் இன்னமும் பாப்பாதான். ஆஸ்பத்திரி வாசலில் கூண்டுக்குள் உட்கார்ந்து நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கிற வேலை. சாயங்காலம் நேராக அண்ணன் வீட்டுக்கு வந்து, அண்ணி தைத்து வைத்த சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துக் கொடுப்பாள். நேராக ஒரு கோடு தைக்க வராது, ஓரம் மடிக்க வராது. பொத்தான் மட்டும்தான் வரும். இந்த வருடம் திடீரென்று நானும் ஒன்று செய்யட்டுமா அண்ணி என்று கேட்டாள். செய்யேன் என்று தையலக்காவும் பெரிய மனசு பண்ணிச் சொல்லிவிட்டாள். ஜோடி இல்லாமல் மிஞ்சிய பொத்தான்கள் கிடக்கும் டப்பாவைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்தாள். அதை நினைத்து நினைத்துப் பிறகு பல்லைக் கடித்ததற்குக் கணக்கில்லை.

பத்தொன்பதே நாளில் பாப்பா முடித்துவிட்டாள். சாம்பல் நிற மெல்லிய துணி. அதில் நான்கு வரிசை பெஞ்சு. பெஞ்சு முழுக்க டோக்கனுக்குக் காத்திருக்கும் ஜனங்கள். ஒவ்வொரு தலையும் ஒரு பொத்தான், உடம்பு நாலைந்து இழை நூல், அவ்வளவுதான். ஆனால் ஒருவர் தூங்கி வழிகிறார் என்று தெரிந்தது. ஒருத்தி பக்கத்தில் இருப்பவளிடம் தன் வியாதியை முதலிலிருந்து சொல்லத் தொடங்கிவிட்டாள் என்று தெரிந்தது. உடைந்த பொத்தான் தலைக்காரர் ஒருவர், தன்னைத் தாண்டி யாரோ உள்ளே போய்விட்டார்கள் என்று எழுந்து நிற்கிறார். கோபம் அந்த முதுகிலேயே இருந்தது.

தையலக்காவின் கணவர் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவர். எதையும் விளையாட்டாகவே பேசுவார். தங்கையின் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"உன் தெருவைப் பாத்தா அங்க வாடகைக்குப் போலாம்னு தோணுது. பாப்பா படத்தைப் பாத்தா நாமளே ரெண்டு மணி நேரமா அங்க உக்காந்திருக்கற மாதிரி முதுகு வலிக்குது."

பாராட்டு யாருக்கு என்று தையலக்காவுக்கா தெரியாது? சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம், படங்களை மாட்டுவதற்குச் சில மணி நேரம் முன்னால், பாப்பா ஆஸ்பத்திரிக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, பின்னாடி கேன்வாஸ் வெச்சு ஓரம் மடிச்சுக் குடுங்களேன். நீங்க தொட்டாத்தான் அது படம். இல்லேன்னா வெறும் பொத்தான்தான்."

கொடுத்துவிட்டு, மாட்டுவதற்குக் கயிறு வாங்கப் போய்விட்டாள்.

துணிக்கு ஒரு குணம் உண்டு. நூல் ஓடுகிற வாட்டத்தில் நேராக வெட்டினால், எத்தனை நாள் தொங்கவிட்டாலும் அப்படியே நிற்கும். மூலைக்கு மூலை சாய்த்து வெட்டினால் அதைத் தையல்காரர்கள் கிராஸ் என்பார்கள். கிராஸ் துணி இழுபடும். கனம் கட்டித் தொங்கவிட்டால் ஒரே நாளில் தொய்ந்துவிடும். மெஷினில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற பாடம் இது. பாப்பாவின் மெல்லிய துணிக்குத் தானாக நிற்கப் பலம் கிடையாது. அத்தனை பொத்தானின் பாரத்தையும் தாங்க வேண்டியது பின்னால் வைக்கிற கேன்வாஸ் என்கிற தடித்துணிதான்.

தையலக்கா கேன்வாஸை மேசையில் விரித்தாள். நேராக விரித்தாள். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு மூலையைப் பிடித்துச் சாய்த்தாள்.

அன்றைக்குக் கண்ணை மூடி வேண்டிக்கொள்ளவில்லை. எதைச் சொல்லி வேண்டிக்கொள்வது? அப்படியே வெட்டினாள். ஓரத்தை மட்டும் வழக்கம்போல அழகாக மடித்துத் தைத்தாள். கயிறோடு திரும்பி வந்த பாப்பா பார்த்துவிட்டு, அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தையலக்கா கையை உருவிக்கொண்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை பாப்பாவின் படம் நேராகத்தான் நின்றது. ஜனங்களும் அதன் முன்னால்தான் நின்றார்கள். இதோ எங்க மாமியார், இதோ நான் என்று விரலை நீட்டி நீட்டிச் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் கீழே தொங்கிய தாள் நிரம்பி, நூலகர் அம்மா இரண்டாவது தாள் வைத்தார். தையலக்கா தன் தாளைப் பார்த்தாள். நல்ல வேலைப்பாடு, பொறுமைசாலி, நல்ல வேலைப்பாடு. ஐந்து வருடமாக அவளுக்குத் தேனாக இருந்த வார்த்தைகள்தான். அன்றைக்கு அதில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் கடைசி பெஞ்சு லேசாகச் சாய்ந்தது. தையலக்காவைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. அவள் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் ஒன்பது தடவை பார்த்தாள். ஞாயிறு மத்தியானத்துக்குள் படத்தின் நடு வயிறு தொங்கிவிட்டது. பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் வழுக்கிக்கொண்டு நடுவில் குவிந்தார்கள். நூலகர் அம்மா ஒரு தடவை வந்து நின்று பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, தையலக்காவின் தெருப் பக்கம் போய் நின்றார். ஒரு ஜன்னலைத் திறந்து மூடினார். தையலக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

நாலு மணிக்குத் திரைச்சீலைக் கடைக்காரர் வந்தார். துணி விஷயத்தில் அந்த வட்டாரத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. பாப்பாவின் படத்தின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பின்பக்கம் பார்த்தார்.

"கேன்வாஸ கிராஸ்ல வெச்சிருக்கு. இத யாரு தச்சது? மெஷின்ல உக்காந்து மூணு நாள் ஆனவங்ககூட இப்படிச் செய்ய மாட்டாங்களே."

நாலடி தள்ளி நின்ற தையலக்கா புத்தக அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஓரம் மடிப்பதற்கு முன்னால் அதை யோசிக்கவில்லை. துணி தொங்கும் என்று தெரியும். தொங்கினால் யார் தைத்தது என்று கேட்பார்கள் என்பது அந்தப் புத்திசாலி மண்டையில் ஏறவே இல்லை.

"நாந்தாங்க தச்சேன்," என்றாள் பாப்பா. "எனக்கு இந்த கிராஸ் கிராஸெல்லாம் எங்க தெரியுது."

"வீட்லயே தையலக்காவ வெச்சுக்கிட்டு? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லம்மா."

"அவங்களுக்கு அவங்க படத்து வேலையே தலைக்கு மேல இருந்துச்சுங்க," என்று பாப்பா சிரித்தாள்.

தப்பித்தோம் என்றுதான் தையலக்காவுக்கு முதலில் தோன்றியது. கடவுள் கைவிடவில்லை என்றுகூட நினைத்தாள். அந்த நினைப்புக்கே பிறகு அவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. கடைக்காரர் நகர்ந்ததும் பாப்பா, படம் பார்க்க வந்திருந்த தன் அண்ணனைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் அலமாரிக்கு அந்தப்பக்கம் தையலக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணே, அண்ணிக்குக் கண்ணு மங்கிட்டு வருது போல. நூல் போற வாட்டமே தெரியல, பாவம். யார்கிட்டயும் சொல்லிடாத. நாளைக்குக் காலைலயே எங்க ஆஸ்பத்திரில டோக்கன் போட்டு வெக்கறேன்."

"அதான் முந்தாநாள் எனக்கு ஒரு கால் நீலம் ஒரு கால் கறுப்புன்னு சாக்ஸ் எடுத்து வெச்சாளா," என்றார் கணவர். முதல் தடவையாக அவர் குரலில் விளையாட்டு இல்லை.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். தையலக்காவின் கண் அவிந்துவிட்டதாம். அதுவும் பாவமாம். முப்பது வருடமாக ஊசியே பிழைப்பாக இருப்பவளைப் பார்த்து, ஒரு ஓரம் மடிக்கத் தெரியாதவள் பாவம் என்கிறாள். அது மட்டும் பொறுக்கவில்லை. அலமாரியைச் சுற்றிக்கொண்டு வந்து இருவர் முன்னாலும் நின்றாள்.

"என் கண்ணுக்கு ஒரு கேடும் இல்ல. இருட்டுல ஊசி கோப்பேன். தெரிஞ்சேதான் கிராஸ்ல வெச்சேன்."

பாப்பாவுக்குப் புரியவில்லை. "தெரிஞ்சேன்னா? எதுக்கு அண்ணி?"

"எல்லாரும் உன் படத்து முன்னாடியே நிக்கறாங்க. அதுக்குத்தான்."

  பாப்பாவின் முகம் சுண்டிப்போனது.  பிறகு நேராகப் போய்த் தன் படத்தை ஆணியிலிருந்து கழற்றி, செய்தித்தாள் படிக்கிற நீள மேசையில் குப்புறப் போட்டாள்.

"பிரிங்க."

அவ்வளவுதான் சொன்னாள். தையலக்கா அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து பாப்பா அவளிடம் பேசிய எந்தப் பேச்சிலும் அண்ணி என்ற சொல் வராமல் இருந்ததில்லை. இதில் வரவில்லை.

தையலக்கா எங்கே போனாலும் பையில் பிளேடும் ஊசியும் நூலும் இருக்கும். பத்தே நிமிடத்தில் கிராஸ் கேன்வாஸ் கையோடு வந்துவிட்டது. ஆனால் நேரான கேன்வாஸுக்கு எங்கே போவது? மணி நாலரை தாண்டிவிட்டது. வீட்டுக்குப் பேருந்தில் போய்த் திரும்பி வந்து தைப்பதற்குள் ஆறு மணி தாண்டிவிடும். அந்தக் கூடம் முழுக்க நேர் வாட்டத்தில் வெட்டிய கேன்வாஸ் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவள் தெருவுக்குப் பின்னால் இருந்தது. இரண்டு விரற்கடை பெரிதாகவே இருந்தது.

நல்ல மனசோடு அதைப் பிரித்தாள் என்று சொன்னால் அது பொய். ஒவ்வொரு தையலையும் அறுக்கும்போது உள்ளே எதையோ அறுப்பது போலத்தான் இருந்தது. இவள் சாயங்காலமே மன்னித்துவிடுவாள், எல்லாரும் இவளைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள், ஏழு மாசம் முதுகு ஒடிந்தது நான் என்று உள்ளுக்குள் புலம்பிக்கொண்டேதான் அறுத்தாள். கேன்வாஸ் போனதும் அந்தத் தெரு, துவைத்துப் பிழியாத துணி போல மேசையில் துவண்டு கிடந்தது. ஜன்னல்களெல்லாம் தாமாகத் திறந்துகொண்டன.

கேன்வாஸை மேசையில் விரித்தாள். நூல் ஓடும் வாட்டத்தை நகத்தால் தடவிப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள். இந்தத் தடவை சொல்வதற்கு நிறையவே இருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த பாப்பா ஊசியில் நூலைக் கோத்துக் கோத்துக் கொடுத்தாள். திரைச்சீலைக் கடைக்காரர் தூரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் கேட்கவில்லை, நல்ல மனிதர்.

ஆறு மணிக்கு நூலகர் அம்மா, பாப்பாவின் படத்தைப் படிக்கட்டுக்கு எதிரே மாட்டினார். பெஞ்சுகள் நேராக நின்றன. தூங்குகிறவர் தூங்கினார், கோபக்காரர் எழுந்து நின்றார். எல்லோரும் கை தட்டினார்கள். தையலக்காவும் தட்டினாள். சத்தம் வராத மாதிரி தட்டினாள். சுருட்டிய தெருவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கணவரோடு இறங்கினாள். பேருந்தில் வரும் வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது மட்டும், சாக்ஸையும் தெரிஞ்சேதான் மாத்தி வெச்சியா என்று கேட்டார்.

பாப்பா பதினோரு நாள் வரவில்லை. தைத்த சட்டைகளெல்லாம் பொத்தானில்லாமல் கொடியில் வாயைத் திறந்துகொண்டு தொங்கின. தையலக்கா தானே உட்கார்ந்து வைத்தாள். பாப்பா வைத்தது போல உட்காரவில்லை, அதுவும் அவளுக்குத் தெரிந்தது. பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் செருப்பை வழக்கமான மூலையில் கழற்றும் சத்தம் கேட்டது. பாப்பா வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"டப்பா எங்க அண்ணி?"

தையலக்கா டப்பாவைத் தள்ளினாள். தள்ளிவிட்டு, பெரிய நீலப் பொத்தான்களை எடுக்க வேண்டாம், அடுத்த வருடப் படத்துக்குத் தனக்கு வேண்டியிருக்கிறது என்றாள். என்ன படம் என்று பாப்பா கேட்கவில்லை. நீலத்தையெல்லாம் பொறுக்கித் தனியாக வைத்தாள்.

இப்போதும் தையலக்கா வாரத்தில் ஒரு நாள் நூலகம் போகிறாள். போகிற வழியில், இந்தப் புகைச்சலை எடுத்துவிடு சாமி என்று வேண்டிக்கொண்டேதான் போகிறாள். கொஞ்சம் எடுத்திருக்கிறார். மீதி இருக்கிறது. படியேறியதும் பெஞ்சு ஜனங்களைப் பார்க்க மாட்டாள். கீழ் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டி, தொய்வு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். இருக்காது. ஒருநாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, புத்தகம் மாற்ற வந்த ஒரு அம்மாள், நீங்க செஞ்சதாங்க என்று கேட்டாள்.

"ஓரம் என்னுது," என்றாள் தையலக்கா. "உள்ள இருக்கறது என் நாத்தனார் செஞ்சது." இரண்டு படி இறங்கியவள் மனசு கேட்காமல் திரும்பினாள்.

"பொத்தான் எங்க வீட்டு டப்பாவோடது."