நான் மிச்சம் வைச்ச பாதி

நான் பதினொரு கிலோ குறைச்ச கதையை சிட்னி டூங்கபியில கேக்காத தமிழ்ச் சனம் இல்லை. கலியாண வீட்டிலயும் சொன்னன், செத்த வீட்டிலயும் சொன்னன். ஒரு வருஷமா என்ர வாய் மூடேல்லை. ஆனால் அந்தக் கதையில ஒரு பகுதியை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. இப்ப எழுதுறன். எழுதவே கை கூசுது.

அப்ப எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. எண்பத்தேழில சிட்னிக்கு வந்த நாளில இருந்து ஒரு பண்டகசாலையில வேலை. கடைசியாத் தந்த பதவி மேற்பார்வையாளர். மேற்பார்வை எண்டால் வேறை ஒண்டுமில்லை, கதிரையில இருந்துகொண்டு மற்றவை பாரம் தூக்கிறதைப் பாக்கிறது. வயித்து வண்டியும் வளந்தது, சீனி வருத்தமும் வந்தது. மூண்டு வருஷம் குளிசையோட ஓட்டினன். பிறகு டொக்டர், “இனி ஊசிதான், இல்லாட்டிச் சாப்பாட்டை மாத்து” எண்டு சொல்லி, கிளினிக்கில இருந்த ஹெல்த் கோச்சிட்ட அனுப்பினார்.

ஹெல்த் கோச் எண்டவுடன நான் விசில் ஊதுற ஆளை நினைச்சுக்கொண்டு போனன். பாத்தால் மலேசியாவில இருந்து படிக்க வந்து இஞ்சையே வேலையான ஒரு தமிழ்ப் பிள்ளை. என்ர வயசில பாதிதான் இருக்கும். அதைத் தின்னாதே, இதைத் தொடாதே எண்டு ஏசுவா எண்டு பாத்துக்கொண்டிருந்தன். அவ ஏசேல்லை.

“அங்கிள், இந்த ரெண்டு வாரத்துல உங்களால என்ன முடியும்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க” எண்டா.

“பத்து நிமிசம் நடக்கலாம்” எண்டன்.

“ஆமா, அது போதும்.”

இதென்ன விளையாட்டு எண்டு நினைச்சன். ஆனால் பத்து நிமிசம் இருபதாகி, இருபது நாப்பதாகி, நான் புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு பக்கத்து ஊர் கிரவீன்வரைக்கும் கையை வீசிக்கொண்டு போய் வரத் தொடங்கினன். வேலையால வந்த கையோட வெளிக்கிட்டிடுவன். என்ர மனுசி அந்த நேரம் அடுப்படியில நிப்பா. ஒருநாள் பேச்சுக்கு, “நீரும் வாருமன்” எண்டு கேட்டன். “கறி அடுப்பில கிடக்கு, நீங்கள் போய் வாங்கோ” எண்டா. சோம்பல் எண்டு மனசுக்குள்ள சொல்லிக்கொண்டு போனன். கறி ஆருக்கு வேகுது எண்டு யோசிக்கேல்லை.

அடுத்தது சோறு. எங்கட வீட்டில மனுசிதான் போட்டுத் தருவா. அவ கோப்பையில, அதுதான் சாப்பாட்டுத் தட்டில, சோத்தைப் போட்டால் குவிச்சுத்தான் போடுவா. கட்டின மனுசனுக்கு அளந்து போடுறது மரியாதை இல்லை எண்டது அவவின்ர நினைப்பு. “நான் சொன்னாலும் அவ குறைக்க மாட்டா” எண்டு கோச்சுக்குச் சொன்னன். உண்மை என்னவெண்டால், நான் வீட்டில சொல்லிப் பாக்கவேயில்லை. ஒரு சின்னப் பிள்ளை சொல்லி நான் சோத்தைக் குறைக்கிறன் எண்டு மனுசிக்கு எப்பிடிச் சொல்லுறது? ஆம்பிளை அல்லோ!

அந்தப் பிள்ளை, “சரி, தட்டு நடுவுல மனசாலயே ஒரு கோடு போட்டுக்குங்க அங்கிள். அந்தப் பக்கம் தொடாதீங்க. தட்டைக் காலி பண்ணணும்னு கட்டாயமில்ல. அடுத்த தடவை ஆன்ட்டியையும் கூட்டிட்டு வாங்க, மூணு பேரும் பேசலாம்” எண்டா.

கூட்டிக்கொண்டு போகேல்லை. அவவுக்கு வேலை, நேரமில்லை எண்டு சொல்லிச் சமாளிச்சன். ஆனால் கோட்டை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கொண்டன். இரவுச் சாப்பாட்டில பாதிச் சோறு, அதோட நாலு துண்டு இறைச்சி, அப்பிடியே ஒதுக்கி வைப்பன். காலமை பாணிலயும் பாதி. வேலைக்குக் கொண்டுபோற சாப்பாட்டுப் பெட்டியிலயும் பாதி திரும்பி வீட்டுக்கு வரும்.

எங்கட வீட்டுப் பழக்கம் ஒண்டைச் சொல்லவேணும். நான் சாப்பிட்டு எழும்பினாப்பிறகுதான் மனுசி சாப்பிடுறது. என்ர கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போவா, அதிலயே தானும் சாப்பிடுவா. கலியாணம் கட்டின நாளில இருந்து அப்பிடித்தான். சோத்தைக் குப்பையில கொட்டுறது எண்டால் அவவுக்கு உயிர் போற மாதிரி. ஊரில சங்கக்கடை வரிசையில விடியவே போய் நிண்டு அரிசி வாங்கின ஆள். இதெல்லாம் எனக்கு வடிவாத் தெரியும். தெரிஞ்சும், நான் ஒதுக்கி வைக்கிறது எங்க போகுது எண்டு ஒருநாளும் கேக்கேல்லை.

எட்டு மாதத்தில காற்சட்டை எல்லாம் இடுப்பில நிக்காமல் வழுகத் தொடங்கிச்சுது. சீனி இறங்கிச்சுது. டொக்டர் கை தந்தார். எனக்குத் தலைகால் தெரியேல்லை. எங்கட தமிழ்ச் சங்க ஒன்றுகூடலில, “அண்ணை, நாலு வார்த்தை சொல்லுங்கோவன்” எண்டு கேட்டினம். கேட்டதுதான் தாமதம், வீட்டில இருந்து ஒரு கோப்பையையும் கொண்டுபோய் மேடையில ஏறிட்டன். விரலால நடுவில கோடு கீறி, “இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் எனக்கில்லை. மனத்திடம் வேணும், அவ்வளவுதான்” எண்டன். சனம் கை தட்டிச்சுது. கைதட்டல் தலைக்கு ஏற, முன்வரிசையில இருந்த மனுசியைக் காட்டி, “இவவைப் பாருங்கோ. ஒரே வீடு, ஒரே சமையல். நான் வத்துறன், இவ ஊதுறா. வாய்க்கட்டு இல்லாட்டி இப்பிடித்தான்!” எண்டும் சொன்னன்.

மண்டபமே சிரிச்சுது. அவவும் சிரிச்சா. சீலைத் தலைப்பை இழுத்து வயித்தை மூடிக்கொண்டு சிரிச்சா. எனக்கு அப்ப அது ஒண்டும் உறைக்கேல்லை. இன்னும் ரெண்டு பகிடி விட்டிட்டுத்தான் இறங்கினன்.

அதுக்குப் பிறகு அவவுக்கு ஓயாத தண்ணித் தாகம், களைப்பு. படியேற மூச்சு வாங்கிச்சுது. இரத்தம் எடுத்துப் பாத்தால் சீனி, நான் துவங்கேக்க எனக்கு இருந்ததிலும் கூட. டொக்டரிட்ட இருந்து திரும்பி வாற வழியில, காரில, “நான் சொல்லச் சொல்லக் கேட்டனீரோ?” எண்டு ஏசினன். அவ யன்னலுக்கு வெளியால பாத்துக்கொண்டு வந்தா. என்னத்தைச் சொன்னனான் நான்? ஒண்டுமே சொல்லேல்லை.

இந்த முறை அவவைக் கோச்சிட்டக் கூட்டிக்கொண்டு போனன். அந்தப் பிள்ளை ஒரு கொப்பியைக் குடுத்து, “ஆன்ட்டி, ஒரு வாரம் என்ன சாப்பிட்டாலும் தமிழ்லயே எழுதுங்க, நான் படிப்பேன்” எண்டா. மனுசி ஒண்டும் விடாமல் எழுதினா. அடுத்த முறை போகேக்க அந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டி, சத்தம் போட்டு வாசிச்சா.

“காலமை, தேத்தண்ணி, அவர் வைச்ச பாண். மத்தியானம், சோறு, கத்தரிக்காய்க் கறி. நாலு மணி, அவற்ர பெட்டியில மிஞ்சின சோறு. இரவு, அவர் வைச்ச சோறு, அவர் வைச்ச இறைச்சி நாலு துண்டு. பிறகு சட்டியில கிடந்தது.”

அடுத்த நாளும் அதுதான். அதுக்கடுத்த நாளும் அதுதான். அவர் வைச்சது, அவர் வைச்சது. நாலாம் நாளோட அந்தப் பிள்ளை வாசிக்கிறதை நிப்பாட்டி என்னைப் பாத்தா. ஏசேல்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும். நான் என்ர சப்பாத்தைப் பாத்துக்கொண்டிருந்தன். நடக்கவெண்டு வாங்கின விலை கூடின சப்பாத்து.

“ஆன்ட்டி, உங்களுக்கு எவ்வளவு சாப்பிட்டா வயிறு நிறையும்?” எண்டு மெல்லமாக் கேட்டா.

மனுசி யோசிச்சா. பிறகு திரும்பி என்னைப் பாத்தா, எனக்குத் தெரிஞ்சிருக்கும் எண்ட மாதிரி. இருபத்தாறு வருஷம் ஒண்டாக் குடும்பம் நடத்தினவன். எனக்குத் தெரியேல்லை.

அவவின்ர சீனி இறங்க ஒரு வருஷத்துக்குக் கிட்டப் போச்சுது. இப்ப ரெண்டுபேரும்தான் நடக்கிறம், அவ முன்னுக்கு, நான் பின்னுக்கு. வேலையால வந்து மரக்கறி வெட்டுறது நான். வெங்காயம் வெட்டக்கூட முதல்ல சரியா வரேல்லை, அவ பாத்துப் பாத்துச் சிரிப்பா. எல்லாம் நல்லாத்தான் போகுது. நான் சொல்ல வந்தது அதுக்கெல்லாம் முதல், கொப்பியை வாசிச்சுக் கேட்டு வந்த அண்டைக்கு நடந்ததை.

அண்டைக்குப் பின்னேரம் மேசையில ரெண்டு கோப்பை வைச்சன். “இனி ரெண்டுபேரும் ஒண்டா இருந்து சாப்பிடுவம், இரும்” எண்டன். அவ கூச்சத்தோட கதிரை நுனியில இருந்தா. ஒரு தேத்தண்ணிக் கப்பால அளந்து ரெண்டுபேருக்கும் ஒரே அளவு சோறு போட்டன். கீரை, பருப்பு, ஆளுக்கு ரெண்டு துண்டு மீன். ஒரு பருக்கை இல்லாமல் வழிச்சுச் சாப்பிட்டன். அவ தன்ர கோப்பையை முடிச்சுப்போட்டு, எழும்பாமல், என்ர கோப்பையையே பாத்துக்கொண்டு இருந்தா.

“இண்டைக்கு ஒண்டும் வைக்கேல்லையோ?” எண்டா.

“இல்லை. இனி வைக்கவும் மாட்டன்” எண்டன்.

அவ தன்ர கோப்பையை என்ர கோப்பைக்கு மேல அடுக்கினா. பிறகு, “முந்தி நீங்கள் எனக்கெண்டு ஒண்டும் வைச்சதில்லை. திடீரெண்டு ஒருநாள் பாதிச் சோறு, நல்ல இறைச்சியாப் பாத்து நாலு துண்டு. நான் எனக்கெண்டுதான் வைக்கிறீங்கள் எண்டு நினைச்சனான். அதுதான் வயிறு கொள்ளாட்டியும் ஒண்டும் விடாமச் சாப்பிட்டனான்” எண்டா.

“அப்பிடியில்லை எண்டு எப்ப தெரிஞ்சது?” எண்டு கேட்டன்.

“மண்டபத்தில” எண்டா. “நீங்கள் கோப்பையில கோடு கீறிக் காட்டேக்க.”

அண்டைக்கு மண்டபத்தில எல்லாரோடையும் சேர்ந்து அவவும் சிரிச்சவ.