இலை பார்க்க எடுத்த லீவு

இன்று காலை எங்கள் தெருவில் வாதாம் மரத்தடியைப் பெருக்கி, சருகைக் குவித்து யாரோ நெருப்பு வைத்திருந்தார்கள். மாசி மாதத்து ரங்கூனில் இது புதிதல்ல. ரயில் பாதையை ஒட்டிய மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் குடியிருப்பவர்களுக்கு ரயில் புகை எது, சருகுப் புகை எது, பக்கத்து வீட்டில் ஙாப்பிக் கருவாடு வாட்டும் புகை எது என்று மூக்காலேயே பிரித்துச் சொல்ல வரும். எனக்கு மட்டும் சருகுப் புகை பட்டால் கழுத்தில் எறும்பு ஊர்வது போலிருக்கும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

எட்டு வருஷத்துக்கு முந்திய சங்கதி. அப்போதுதான் ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. அப்பா அரிசி ஆலையில் மூட்டை சுமந்தவர். நான் புத்தகத்தைத் திறந்தால் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு, இருமல் வந்தால்கூட வெளியே போய் இருமிவிட்டு வருவார். அப்படி வளர்ந்தவனுக்கு, அச்சில் வந்ததெல்லாம் ஊரிலும் இருக்கும் என்ற நம்பிக்கை வராமல் என்ன செய்யும்?

செல்லம்மாவைக் கல்யாணம் செய்து கப்பலில் கூட்டிவந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தண்டவாளத்தை ஒட்டி ஓர் அறை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் பர்மியப் பாஷை பேசுகிறவர்கள். அவளுக்கு அதில் ஒரு சொல் தெரியாது. அவளோடு பேசக்கூடிய ஒரே ஆள் நான். நானோ சாயங்காலம் வந்ததும் பள்ளிக்கூடத்து ஆங்கில வாசகப் புத்தகத்தை எடுத்து, பாராவாரியாக அர்த்தம் சொல்லுவேன். 'விடாமுயற்சி' என்ற பாடத்தின் நடுவில் அவள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி பிறந்த சமயம் அவள் அண்ணன் ஊரிலிருந்து எங்களைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அண்ணன் திரும்பும்போது நானும் போறேன்" என்றாள்.

கவனியுங்கள், 'போயிட்டு வரேன்' என்று சொல்லவில்லை. தெருமுனைக்கு உப்பு வாங்கப் போகிறவர்கள்கூட நம்மில் 'போறேன்' என்று சொல்லமாட்டார்கள். வேறு யாராவது என்றால், ஏன் என்று அவளிடமே கேட்டிருப்பார்கள். நான் வாசகத்தைப் புரட்டினேன். அதில் ஒரு படம் இருந்தது. அக்டோபர் மாதம், மரமெல்லாம் பொன்னும் சிவப்புமாக இலை உதிர்க்கிறது, ஒரு துரையும் துரைசானியும் சருகின் மேல் கைகோத்து நடக்கிறார்கள். துரைசானியின் முகத்தில் ஊருக்குப் போகிற எண்ணமே இல்லை.

இந்த நாட்டில் குளிர் வேண்டுமென்றால் துரைமார் போவது மேமியோ மலைக்கு. குளிர் இருக்கும் இடத்தில் அக்டோபரும் ஒழுங்காக நடந்துகொள்ளும் என்று முடிவுகட்டினேன். ரயில்வேக்காரனுக்கு இலவசப் பாஸ் உண்டு. லீவுதான் வேண்டும்.

இங்கிலீஷில் விடுமுறைக்கு 'லீவ்', இலைக்கு 'லீஃப்', கிட்டத்தட்ட ஒரே உச்சரிப்பு என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், எழுதும்போதுதான் தெரியவில்லை. 'விடுமுறையைப் பார்த்துவர எனக்கு ஆறு நாள் இலை தர வேண்டும்' என்று அர்த்தம் வரும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கள் ஆபீஸ் துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு சிவப்பு மையில் எழுதினார்: விடுமுறை என் கையில் இருக்கிறது, தருகிறேன், இலை என் கையில் இல்லை. எவ்வளவு பணிவான மனிதர் என்று நெகிழ்ந்துபோய் வெளியே வந்தேன்.

மந்தலேயிலிருந்து மலை ஏறும் ரயில் ஓரிடத்தில் நின்று, கொஞ்ச தூரம் பின்னால் போய், மறுபடி முன்னால் ஏறும். பாதையை அப்படி வளைத்துப் போட்டிருக்கிறார்கள். பின்னால் போனபோது செல்லம்மா சட்டென்று நிமிர்ந்து, "திரும்பிடுச்சா?" என்று கேட்டாள். குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே எல்லாம் ஒரே பச்சை.

மேமியோவிலும் பச்சைதான். ஒரு பங்களாவில் தோட்டவேலை பார்த்த எங்கள் ஊர் முனியாண்டி அண்ணன், பின்கட்டில் ஓர் அறை ஒழித்துக் கொடுத்தார். இலை எங்கே உதிர்கிறது என்று கேட்டேன். அவர் என்னை விட்டுவிட்டு செல்லம்மாவை ஒருமுறை பரிதாபமாகப் பார்த்தார்.

"இப்பத்தானே தம்பி மழை விட்டிருக்கு. உதிர்றதெல்லாம் மாசி, பங்குனியில. அதுக்கு இங்க எதுக்கு வரணும்? உங்க ரங்கூன்லயே உதிருமே."

இரண்டு நாள் பச்சை மரங்களைப் பார்த்துக்கொண்டு நடந்தோம். செல்லம்மா நாலடி பின்னால் வந்தாள். மூன்றாம் நாள், மறுநாள் ரயில் என்ற நிலையில், பங்களா மாமரத்தின் தாழ்ந்த கிளையில் ஒரு கொத்து இலை மட்டும் பழுப்பாக நிற்பதைக் கண்டேன். வாசகம் பொய் சொல்லவில்லை! "அந்தா பார், ஆரம்பிச்சிடுச்சு" என்று அவளை மரத்தடியில் நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, கிளையைப் பிடித்து முழுப் பலத்தோடு உலுக்கினேன்.

பழுப்பு இலைகளை ஒட்டித் தைத்து முசுறு எறும்பு கூடு கட்டியிருந்தது. கூடு முழுதாக என் தலையில் இறங்கியது.

அடுத்த கால் மணி நேரம் நான் ஆடிய ஆட்டத்தை முனியாண்டி அண்ணன் பல வருஷம் ஆட்களைக் கூட்டி நடித்துக் காட்டினாராம். செல்லம்மா முதலில் வாயைப் பொத்தினாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடினாள். பிறகு தரையில் உட்கார்ந்தே விட்டாள். அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சிரிப்பு அடங்கியதும் என்னை உட்காரவைத்துக் கழுத்திலிருந்து ஒவ்வொரு எறும்பாகக் கிள்ளி எறிந்தாள்.

"எதுக்குங்க இதெல்லாம்?"

விடாமுயற்சி, இயற்கையின் எழில் என்று என்னென்னவோ வாய்வரை வந்தன. கடி பொறுக்கவில்லை. "நீ போறேன்னியே. அதான்" என்றேன்.

அடுத்த எறும்பைக் கொஞ்சம் அழுத்தியே கிள்ளினாள்.

"இதச் சொல்ல இம்புட்டுத் தூரம் ரயில்ல கூட்டியாரணுமா? அந்த ரூம்லயே சொல்லியிருக்கலாமே. நீங்க வாயத் தொறந்தா புஸ்தகந்தான் பேசுது, நீங்க பேசவே மாட்டீங்கன்னுல்ல நெனச்சேன்."

திரும்பும் ரயிலில் மந்தலேயிலிருந்து தௌங்கூ வரை, பாதி வழிக்கு மேல், அவள் பேசிக்கொண்டே வந்தாள். அண்ணன் வந்தார், இரண்டு வாரம் இருந்தார், ஊறுகாய் ஜாடியைக் கொடுத்துவிட்டுத் தனியாகவே கப்பல் ஏறினார்.

முனியாண்டி அண்ணன் இப்போது அங்கே இல்லை. அந்த மாமரத்தை வெட்டி, மோட்டார் நிறுத்தக் கொட்டகை போட்டுவிட்டார்கள். துரை சீமைக்குப் போய்விட்டார். நாங்கள் இரண்டே பேராகப் போன பயணமும் அது ஒன்றுதான். இப்போது பக்கத்திலிருக்கும் பெகு வரை போனாலும் நான்கு பிள்ளைகள், இரண்டு கூஜா, ஒரு மூட்டை. செல்லம்மா ரயில் பெட்டியின் அந்தக் கோடியில் பர்மாக்காரப் பெண்களோடு அவர்கள் பாஷையிலேயே வம்பளந்துகொண்டிருப்பாள். இந்தக் கோடியில், மடியில் ஒன்று தோளில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் நான், அத்தனை தலைகளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்துத்தான் அவள் முகத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.