சிவப்பு மருந்து

போன மாதம் என் மகள் பள்ளியிலிருந்து ஒரு சளிக் காய்ச்சலைக் கொண்டுவந்தாள். மூன்றாம் நாளே அவள் சைக்கிள் ஓட்டப் போய்விட்டாள். அதே காய்ச்சல் என்னை எட்டு நாள் ஆக்ஸிஜனோடு படுக்க வைத்தது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சார், சின்ன வயசுல டி.பி. வந்திருக்கா?"

"சேச்சே, இல்ல டாக்டர். பிரைமரி காம்ப்ளெக்ஸ் மட்டும்தான்."

"அதுவும் டி.பி.தான் சார்," என்றார். நுரையீரலில் பழைய தழும்பு இருக்கிறதாம். மற்றவர்களுக்குச் சாதாரணமான வைரஸ் எனக்குச் சாதாரணமில்லையாம்.

'பிரைமரி காம்ப்ளெக்ஸ் மட்டும்தான்' என்பது யார் கேட்டாலும் சொல்ல அம்மா பழக்கியிருந்த பதில். இப்போது மகள் தும்மினால் எழுந்துபோய் அறை வாசலில் நிற்கிறேன். அப்படி நிற்கும்போதெல்லாம் அப்பா ஞாபகம் வருகிறது.

அப்போது சிட்லபாக்கத்தில் இருந்தோம். எனக்கு ஏழு வயது. தினமும் வெறும் வயிற்றில் அம்மா ஒரு சிவப்பு மருந்தைக் கொடுப்பாள். அதைக் குடித்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். முதல் நாள் அலறிவிட்டேன். எங்களோடு தங்கிப் படித்துக்கொண்டிருந்த மாமாதான் தேற்றினார்.

"டேய், உனக்கு பவர் வந்துடுச்சுடா! யார்கிட்டயும் காட்டாத, போயிடும்."

எப்படிக் காட்டாமல் இருப்பது? ஞாயிற்றுக்கிழமை சர்ச் மதிலுக்குப் பின்னால் நான்கு பையன்களை வரிசையாக நிற்கவைத்து நிகழ்ச்சி நடத்தினேன்.

"இன்னாடா இது, ஜூஸ் மாரி கீது!" என்று ஒருவன் வாய்பிளந்தான்.

அடுத்த வாரத்திலிருந்து அந்த நான்கு பேரும் எங்கள் வீட்டுக்கு விளையாட வரவில்லை. பொறாமை என்று முடிவு செய்தேன்.

அந்த வருடம் அப்பா என்னைத் தூக்குவதையும் முத்தமிடுவதையும் நிறுத்தியிருந்தார். ஆபீஸுக்குப் புறப்படும்போது அறை வாசலிலேயே நின்று கையசைப்பார். என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டேன். சில வாரம் மருந்து சாப்பிட்ட பிறகு கிட்டே போகலாம் என்று டாக்டர் சொல்லியும் அவர் நெருங்கவில்லை என்பதை அம்மா எனக்குச் சொன்னதே போன வாரம்தான்.

அது தண்ணீர்ப் பஞ்ச காலம். கக்கூஸில் ஒரு சொம்புக்கு மேல் ஊற்றினால் அம்மா திட்டுவாள். ஒரு காலை, அப்பா வெளியே வந்ததும் நான் உள்ளே போனேன். அரைகுறையாக ஊற்றிய தண்ணீரில் அதே ஆரஞ்சு நிறம்.

"அம்மா! அப்பாவுக்கும் பவர் வந்துடுச்சு!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தேன்.

தோசைக்கல்லின் மேல் அம்மாவின் கை நின்றது. எதற்கும் ஒரு வேடிக்கை வைத்திருக்கும் மாமா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி வாசலில் நின்றார்.

"எனக்கு முன்னாடியே உங்களுக்கு வந்துடுச்சாப்பா?"

"ஆமாண்டா. எனக்குத்தான் மொதல்ல."

"அப்ப உங்ககிட்டேர்ந்துதான் எனக்கு வந்துச்சா?"

அப்பா மெல்லத் தலையாட்டினார்.

யார் எதைக் கொடுத்தாலும் நன்றி சொல்ல வேண்டும் என்று எங்கள் வீட்டில் கண்டிப்பு.

"தேங்க்ஸ்ப்பா," என்றேன்.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டார். டிபன் பாக்ஸ் மேஜையிலேயே இருந்தது. அவ்வளவு மறதி அப்பாவுக்கு என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.