மணிக்கட்டுக்காக ஒரு மறியல்

ஆட்டத்தில் கை உடைந்தவனுக்குக் கட்டுப் போட ஒரு மாதத்தில் பழகிவிடலாம். போட்ட கட்டை அவன் அவிழ்க்காமல் பார்த்துக்கொள்ளத்தான் ஓர் ஆயுள் போதாது. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட தோழர்களே, உங்களுக்குத் தெரியாததா? வெள்ளைக்காரனுக்கு எதிராக மறியல் செய்து உள்ளே போய், சிறை ஆஸ்பத்திரியில் எடுபிடியாக இருந்து கற்றுக்கொண்டவன் நான். சுதந்திரம் வந்தது. என்னோடு உள்ளே கிடந்தவர்கள் காரில் போகிறார்கள். நான் பாம்பனில் பஞ்சும் மூங்கில் பத்தையுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

விழுந்து காட்டியவர்

சடுகுடுவில் விழுந்த சவரிமுத்து வீங்கிய வலது கையோடு வந்தான். கூடவே அவன் மச்சான் அந்தோணி. எப்படி விழுந்தான் என்று தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. கேட்டேன். வாயால் சொல்லியிருக்கலாம். அந்தோணி வேட்டியை மடித்துக் கட்டி, மூச்சுப் பிடித்து, வாசலிலிருந்து ஓடிவந்து, மருந்து மேசைக்கு முன்னால் உள்ளங்கையை ஊன்றி விழுந்தான். இப்போது வீங்கிய கைகள் இரண்டு. சவரிமுத்துவுக்கு ஒரே பெருமை.

"பாத்தீயளா அண்ணே, அச்சு அசலா இப்பிடித்தான் விழுந்தேன்!"

குழியில் இருந்த வலி

அந்தோணிக்கு வெறும் சுளுக்கு. சவரிமுத்துவின் கட்டைவிரலை நிமிர்த்தி, அதன் அடியில் விழும் குழியில் அழுத்தினேன், அவன் அலறலில் கூரை அதிர்ந்தது. உள்ளே மணிக்கட்டின் சின்ன எலும்பு முறிந்திருக்கிறது. மாவுக்கட்டுப் போட்டு, "இது கூடாவிட்டால் ஆயுசுக்கும் வலை இழுக்க முடியாது" என்றேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் திருவிழாவில் திருவாடானைக்காரர்களோடு கடைசி ஆட்டம், கப்பு நமக்குத்தான் என்று கெஞ்சினான். அவன் மனைவி மேரி விடவில்லை.

"கை போச்சுன்னா அந்தக் கப்புலயா சோறு வடிப்பீக?"

கோட்டில் படுத்தேன்

ஞாயிற்றுக்கிழமை, மீன் வெட்டும் கத்தியால் கட்டை அறுத்தெறிந்துவிட்டுச் சவரிமுத்து ஆட்டத்தில் இறங்கிவிட்டான். மேரி ஆள் அனுப்பினாள், ஓடினேன். சடுகுடுவில் எதிராளி முதலில் பற்றுவது மணிக்கட்டைத்தானே! எனக்குத் தெரிந்த ஒரே வழி மறியல். நடுக்கோட்டில் மல்லாந்து படுத்து, "மணிக்கட்டை முறிக்காதே!" என்று கோஷமிட்டேன். "சடுகுடு, சடுகுடு" என்று எதிரணியை நோக்கிப் பாடி வந்த சவரிமுத்து என்னைத் தாண்டிக் காலை வைத்தான். குனிந்து பார்த்தான். சிரித்துவிட்டான். பாட்டு விட்டால் ஆள் அவுட். எதிராளியின் ஒரு விரல்கூட அவன்மேல் படுமுன் நடுவர் விசில் ஊதிவிட்டார்.

எங்கள் ஊர் தோற்றது. அந்தோணி மண்ணை வாரி என்மேல் இறைத்தான். மேரி மட்டும் புருஷனை இடது கையைப் பிடித்து இழுத்துவந்து என் முன்னால் உட்கார வைத்தாள்.

"கட்டுங்கண்ணே. நீங்க செயிலுக்குப் போயிப் படிச்சது இன்னிக்குத்தான் ஒரு குடும்பத்துக்கு ஒதவுச்சு!"

எந்த அரசாங்கத்தையும் அசைக்காத என் மறியல் ஒரு மணிக்கட்டைக் காப்பாற்றியது. ஆனால் அதைச் சொல்லித் தியாகி மானியம் கேட்க முடியாதே!