கைப்பிடி இல்லாத கதிரை

என் வீட்டு விறாந்தையில் கைப்பிடி இல்லாத மரக்கதிரை ஒன்று கிடக்கிறது. முதிரை மரம். ஒரு காலத்தில் அதற்குச் சிவப்புச் சாயம் பூசியிருந்தது. இப்போது இடுக்குகளில் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதில் உட்கார்ந்த கையோடு எழுந்து வேறு கதிரைக்குப் போய்விடுவார்கள், முதுகு குத்துகிறதாம். குத்தத்தான் செய்யும். சாய்ந்திருந்து கதை பேசச் செய்த கதிரை அல்ல அது. மேடையில் ஒருவர் சிங்களத்தில் பேச, பக்கத்தில் நின்று அதைத் தமிழில் சொல்லுகிறவர் இடையில் கொஞ்சம் கால் ஆறட்டும் என்று செய்தது. அந்தத் தமிழில் சொல்லுகிறவர் என் அத்தான், மூத்த அக்காவின் புருஷன்.

ஐம்பதுகளின் நடுவில் எனக்கு வவுனியாவில் ஆசிரிய நியமனம் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து பெட்டியோடு வந்து இறங்கி அக்கா வீட்டில் தங்கினேன். அத்தான் ஸ்டேஷன் வீதியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். இளவயதில் அனுராதபுரத்தில் ஒரு கடையில் வேலை செய்தவர் என்பதால் சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனால்தான் கட்சி அவரைப் பிடித்துக்கொண்டது என்று அக்கா சொல்லுவாள். அவர்தான் கட்சியைப் பிடித்துக்கொண்டார் என்பது என் எண்ணம். தெற்கிலும் வடக்கிலும் ஒரே கொடியோடு நின்ற கட்சி அது. நாட்டில் இரண்டு மொழிக்கும் சரி இடம் வேண்டும் என்று சிங்கள ஊர்களிலேயே நின்று சொல்லிக் கல்லெறி வாங்கிய கட்சி. அத்தானுக்கு அது போதும். எனக்கு அரசியல் ஒத்துவராது, கூட்டம் என்றாலே தலையிடி. ஆனாலும் அத்தான் மேடை ஏறுகிற நாளில் போகாமல் இருக்க முடியாது.

கொழும்பில் இருந்து வருகிற தலைவருக்கும் மொழிபெயர்க்கிற அத்தானுக்கும் என்று கிளையில் இருந்த தச்சுத் தோழர் இரண்டு கதிரை செய்து கொடுத்தார். தலைவருடையதற்குக் கைப்பிடி வைத்து, முதுகில் கொஞ்சம் வளைவும் கொடுத்திருந்தார். அத்தானுடையது மொட்டைக் கதிரை. "உமக்குக் கைப்பிடி என்னத்துக்கு, நீர் இருக்கவே மாட்டீர்" என்று தச்சுத் தோழர் பகிடி பண்ணினார். அது உண்மைதான். தலைவர் பேசி முடித்துத் தண்ணீர் குடிக்கிறபோதும் அத்தான் நின்றபடிதான் இருப்பார், அடுத்த வசனத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு.

தலைவர் பெரிய படிப்புப் படித்தவர். பேச்சு வறண்டு கிடக்கும். அத்தான் வாயில் விழுந்ததும் அதற்கு உயிர் வந்துவிடும். முதல் கூட்டத்தில் தலைவர் ஏதோ சின்னதாக ஒரு வசனம் சொன்னார். அத்தான் கையை விரித்துச் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது. "இரண்டு மாடு பூட்டின வண்டி எங்கட நாடு. ஒண்டை அவிட்டுவிட்டா மற்றது வண்டியை ஊருக்குக் கொண்டு போகாது. நிண்ட இடத்திலயே சுத்திச் சுத்தி வரும்." வண்டி கட்டித் தெரிந்த சனம் அது. கைதட்டல் நிற்கவில்லை. தலைவரும் தன் பேச்சுக்குத்தான் என்று மகிழ்ந்து போனார். கூட்டம் முடிந்து போகும்போது, பஸ் நிலையத்தடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், ஊரே நானா என்று கூப்பிடுகிறவர், அத்தானை மறித்துக் கேட்டார். அவருக்கும் சிங்களம் தெரியும். "தம்பி, அவர் மாட்டைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே. நீங்கள் எங்கயிருந்து பிடிச்சுக்கொண்டு வந்தனீங்கள்?" அத்தான் சிரித்துவிட்டு, "அவர் சொன்னதின்ர கருத்து அதுதான், நானா" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் சனம் மாட்டுக்காகவே காத்திருந்தது.

அந்த நாட்களில் அக்கா வீட்டில் அடுப்பு அணைந்ததை நான் காணவில்லை. கிளையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள், கூட்டம் வைக்கிறோம் என்று வந்து சோறு தின்றுவிட்டுத்தான் போவார்கள். அக்கா பெரிய பானையில் உலை வைத்துக்கொண்டே, "உலகத்தைத் திருத்திறவைக்கு வீட்டில சமைக்க ஆள் இல்லையோ" என்று முணுமுணுப்பாள். தச்சுத் தோழர் மட்டும் கூட்டம் இல்லாத நாளிலும் வருவார். அவருடைய பட்டறை அத்தான் கடைக்கு நேரெதிரே இருந்தது. வாய் ஓயாமல் இருவரும் வாதாடுவார்கள், பிறகு ஒரே குடையில் ஸ்டேஷன் வரை நடந்து போய் யாழ்ப்பாண மெயில் ரயிலில் வருகிற கட்சிப் பத்திரிகையை எடுத்து வருவார்கள்.

அறுபதுகளில் காற்று மாறியது. நாடு முழுக்க வெல்ல வேண்டுமென்றால் பெரும்பான்மைச் சனம் கேட்பதற்கு இணங்கித்தான் ஆகவேண்டும் என்று கொழும்பில் கட்சி முடிவெடுத்தது. பெரிய கட்சி ஒன்றோடு கூட்டு. அந்தக் கூட்டுக்கு விலையாக, இரண்டு மொழி என்ற பேச்சை மெல்லக் கீழே வைத்துவிட்டார்கள். செய்தி வந்த கிழமையே எங்கள் கிளை இரண்டாக உடைந்தது. முதலில் ஆட்சியைப் பிடிப்போம், உரிமையைப் பிறகு பார்ப்போம் என்று ஒரு பகுதி. இது துரோகம் என்று மறு பகுதி. அதற்குத் தச்சுத் தோழர் தலைமை. அத்தான் இரண்டிலும் சேரவில்லை. "உள்ளுக்க நிண்டுதான் கேக்க வேணும். வெளியில போனா ஆர் எங்களைக் கேப்பினம்?" என்று ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்தார். ஒருவரும் காது கொடுக்கவில்லை. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். கூத்தாடிகள் பலர் வேறு கொடிகளோடு வந்து இறங்கி, எங்கள் ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்டு போனார்கள்.

பிரிந்தவர்கள் கிளையின் சாமான்களிலும் பங்கு கேட்டார்கள். என்ன பெரிய சாமான், ஒரு பெற்றோமாக்ஸ், இரண்டு பாய், இந்தக் கதிரைகள். செய்தவர் என்ற முறையில் தச்சுத் தோழர் முதலில் எடுக்கலாம் என்றார்கள். அவர் கைப்பிடி வைத்த நல்ல கதிரையை விட்டுவிட்டு மொட்டைக் கதிரையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போனார். ஏமாந்த சோணகிரி என்று மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தான் சிரிக்கவில்லை. அக்கா பெரிய பானையைக் கழுவிக் கவிழ்த்துப் பரணில் ஏற்றினாள்.

தேர்தல் நெருங்க, தலைவர் மறுபடியும் வந்தார். மேடையில் ஒரு கதிரைதான் இருந்தது. தலைவர் அதில் இருந்தார், அத்தான் பக்கத்தில் நின்றார். பிரிந்து போனவர்களும் வந்து பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தலைவர் எழுந்து பேசத் தொடங்கினார். எனக்குச் சிங்களம் தெரியாது, ஆனால் அத்தானின் முகம் தெரியும். முதல் வசனம் முடிந்ததும் அவர் வாய் திறக்காமல் நின்றார். சனம் பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் திரும்பிப் பார்த்தார். அப்போது அத்தான் ஒலிவாங்கியை இழுத்து, "இரண்டு மாடு பூட்டின வண்டி எங்கட நாடு" என்று தொடங்கினார். பழைய பேச்சு. பத்து வருஷத்துக்கு முந்தி சொன்ன அதே பேச்சு. தலைவர் ஒரு வசனம் சொல்ல, அத்தான் பழையதில் ஒரு வசனம் சொன்னார். சனம் கைதட்டியது. தலைவர் மனம் குளிர்ந்து அத்தானின் தோளில் தட்டினார். நான் கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டேன், கட்சி மாறவில்லை போலிருக்கிறது என்று.

பின்வரிசையில் இருந்து தச்சுத் தோழரின் குரல் வந்தது. "தோழர், அவர் சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ. எங்களுக்கும் கொஞ்சம் சிங்களம் விளங்கும்." கூட்டம் முழுக்கப் பின்னுக்குத் திரும்பிப் பார்த்தது. என்ன சொல்கிறான் என்று தலைவர் அத்தானிடம் கேட்டார் போலும். அத்தான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. நெற்றியைத் துடைத்தார். "இவர் இண்டைக்குச் சொன்னது இதுதான்" என்று தொடங்கி, நாட்டுக்கு ஒரு மொழிதான் முதல் என்றும் மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றும் தலைவர் சொன்னதைத் தட்டையான குரலில் சொல்லி முடித்தார். மாடும் இல்லை, வண்டியும் இல்லை. ஒருவரும் கூச்சல் போடவில்லை. சனம் எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு நடந்தது. வெறுமையான திடலில் அத்தான் தனியே நின்றது இன்றும் எனக்குப் பொறுக்கவில்லை.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மேடையில் தலைவரைக் கேலிப் பொருளாக்கினார் என்று கட்சி அவரை விலக்கியது. துரோகத்தைத் தேன் பூசித் தமிழ்ச் சனத்துக்கு ஊட்டப் பார்த்தார் என்று பிரிந்தவர்கள் பேசினார்கள். அத்தான் எவருக்கும் விளக்கம் சொல்லப் போகவில்லை. அக்காவிடம் மட்டும் ஒருமுறை சொன்னார், "நான் பொய் சொல்லேல்லையப்பா. அவர் முந்திச் சொன்னதைத்தானே சொன்னனான்." எனக்கு நானா கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. முந்தியும் அந்த மனிதர் மாட்டைப் பற்றிச் சொல்லவில்லை. தான் நம்பிய கட்சியில் பாதி தன் வாயிலிருந்தே வந்தது என்பது அத்தானுக்குத் தெரியாமலே போய்விட்டதோ என்று நினைத்துக் கவலைப்பட்டேன். அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கைப்பிடிக் கதிரையைக் கேட்டு எவரும் வராததால் அது அத்தானிடமே தங்கிவிட்டது. அதன்பிறகு பின்னேரங்களில் அவர் அதைக் கடை வாசலில் எடுத்துப் போடுவார். தான் ஒரு மரப்பெட்டியில் இருப்பார். கதிரை வருகிறவருக்கு. சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவர்கள் அதில் இருந்தார்கள், ஒட்டுப் போடும் வரை காத்திருந்தவர்கள் அதில் இருந்தார்கள். கதைக்க வந்து எவரும் அதில் இருக்கவில்லை. எதிரே பட்டறையில் சீவுளி ஓடுகிற சத்தம் கேட்கும். சத்தம் நின்றால் அத்தான் தலை நிமிர்ந்து பார்ப்பார். அவர் குனிந்த பிறகு தச்சுத் தோழர் நிமிர்ந்து பார்ப்பார். ஒரு தெருவின் அகலம்தான். வருஷக்கணக்காக அதை இருவரில் ஒருவரும் கடக்கவில்லை.

அறுபதுகள் முடிகிற காலத்தில் அத்தான் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். செத்தவீட்டுக்குக் கதிரை காணாது என்று அயலவர்கள் கொண்டுவந்து போட்டார்கள். தச்சுத் தோழர் இந்த மொட்டைக் கதிரையைத் தலையில் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். வாசலோடு வைத்துவிட்டு, அதில் இருக்காமல் பக்கத்தில் நின்றார். எல்லாம் முடிந்து சனம் கலைந்த பிறகும் நின்றார். கதிரையை எடுத்துப் போகச் சொன்னாள் அக்கா.

"இது அவற்ற கதிரை, அக்கா. பிரிக்கேக்கை இதைத்தான் நான் எடுத்தனான். தலைவற்றதைத் தொடேல்லை." பிறகு நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "அண்டைக்கு நான் குரல் குடுத்தது அவரை விழுத்த இல்லை. தன்ர நல்ல கதையெல்லாத்தையும் தூக்கி அந்த மனிசனுக்குக் குடுக்கிறாரே எண்டு பொறுக்கேல்லை. மாட்டுக் கதை இவற்றதான் எண்டு எனக்கு முதல் நாளே தெரியும். அதைக் கேட்டுத்தான் நான் கட்சிக்கு வந்தனான்."

அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "இதை அவர் இருக்கேக்கை வந்து சொல்லியிருக்கலாமே."

"கட்சி வேறயாப் போச்சே, அக்கா" என்றார் அவர்.

பிற்காலத்தில் சண்டையால் நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பிவந்தபோது கைப்பிடிக் கதிரை இருக்கவில்லை. எவர் வீட்டு அடுப்பில் எரிந்ததோ. மொட்டைக் கதிரையை நானாவின் மகன் எங்கோ கண்டெடுத்துத் தன் கடையில் வைத்திருந்தான். அக்காவும் போன பிறகு அது என்னிடம் வந்தது. நேற்றுப் பின்னேரம் தேர்தல் வாகனங்கள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஒலிபெருக்கியோடு எங்கள் ஒழுங்கையால் போயின. ஒரு கட்சியில் இருந்து பிரிந்த இரண்டு பேர், இரண்டு சின்னம். சத்தம் அடங்கும்வரை நான் இந்தக் கதிரையில் இருந்தேன். முதுகு குத்தியது. அத்தானுக்கென்று அளந்து செய்த கதிரை இது. அவர் இதில் உட்கார்ந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.